பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோன மாடு

மாட்டின் கழுத்தில் கஜா பதினோராவது மணியைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த மின்னஞ்சல் வந்தது.

மாமல்லபுரத்துப் பட்டறையில் மதிய நேரம். கல் அறுக்கும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கீற்றுக் கொட்டகைக்குள் கல்தூசி இன்னும் மிதந்துகொண்டிருந்தது. வெளியே சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தயிர்சாதத்தில் மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, இடது கையில் போனைப் பிடித்துப் படித்தேன்.

எழுதியிருந்தவர் நலேடி மேடம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. அங்கிருந்து எங்களிடம் கருங்கல்லில் ஒரு மாடு செய்யச் சொல்லியிருந்தவர். மாட்டின் பீடத்தில் பொறிக்க வேண்டிய வாசகத்தை அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘என் தகப்பனாரும் நானும் இந்த மாட்டைப் பல்கலைக்கழகத்துக்காக இரண்டு நாள் நடத்திக்கொண்டு போனோம். வழியில் அது ஓரிடத்தில்கூட உட்காரவில்லை.’

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மாடு உட்கார்ந்திருந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. முன்னங்கால்களை மடித்து, முதுகில் பட்டு விரிப்பு போர்த்து, நெற்றியில் சுட்டி கட்டி, கழுத்தில் மூன்று வரிசை மாலையும் மணியுமாக, இப்போதே யாராவது கற்பூரம் காட்டினால் ஏற்றுக்கொள்ளத் தயார் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தது. சிவன் கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்தால் பிரதோஷத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிடும்.

“கஜா,” என்றேன். “இந்த மாடு எழுந்து நிக்குமா?”

கஜா உளியை எடுக்காமலே என்னைப் பார்த்தான். “இன்னா அண்ணாத்த, வெயில் ஏறிடிச்சா?”

பட்டு வேட்டி கட்டிய வார்த்தை

குற்றவாளி யாரென்று வாசகர்கள் தேடி அலைய வேண்டாம். நான்தான்.

அந்தப் பட்டறையில் என் உத்தியோகம் என்னவென்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். என் மனைவி மங்கையும் இருபது வருஷமாக அதைத்தான் கேட்கிறாள். வெளிநாட்டு ஆர்டர்களுக்குக் கடிதம் எழுதுவது, வருகிற ஆங்கிலக் கடிதங்களைச் சிற்பிகளுக்குத் தமிழில் சொல்வது, பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்புவது. ஊரப்பாக்கத்தில் ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் பட்டறை போய்ச் சேர்வதற்குள் ஒருநாள் வேலையில் பாதியைச் செய்த களைப்பு வந்துவிடும். மீதிப் பாதியைத்தான் அங்கே செய்வேன்.

படித்தது தமிழ் இலக்கியம். அதனால் எனக்கு ஒரு நோய். சாதாரண வார்த்தை ஒன்று போதுமான இடத்தில், அதற்குப் பட்டு வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டுத்தான் அனுப்புவேன். ஒருமுறை ஜெர்மன்காரர் ஒருவர் தோட்டத்தில் வைக்க ஒரு தவளை கேட்டார். நான் அதை மண்டூகம் என்று சொல்லப்போய், மண்டபம் செய்ய எத்தனை கல் வேண்டும் என்று பட்டறையில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கே ஒரு வாரம் வேண்டும்.

நலேடி மேடத்தின் முதல் கடிதம் வந்தபோதும் இதே நோய்தான். அவர் அந்த நாட்டின் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறவர். பல்கலைக்கழகம் கட்ட அவருடைய ஊர் ஜனங்கள் மாடு கொடுத்தார்களாம். அதன் நினைவாக ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் மாடு வைக்க ஆசை. அவர் எழுதியிருந்த ஆங்கில வார்த்தை கான்ட்ரிபியூஷன். ‘ஆளாளுக்குப் போட்டது’ என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் கஜாவிடம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “இது காணிக்கை மாடு கஜா.”

“காணிக்கையா?” என்று கஜா உடனே எழுந்து நின்றுகொண்டான். “எந்தச் சாமிக்கு?”

“கல்விக்கு,” என்றேன். என் பதில் எனக்கே பிடித்திருந்தது.

“சரஸ்வதிக்கா? அதுக்கு அன்னம் இல்ல வரணும்?”

“மாடுதான் கேட்டிருக்காங்க. அவங்க பாஷையில மாட்டுக்குக் கோமோன்னு பேரு.”

“கோமாதா!” என்று கஜா கன்னத்தில் போட்டுக்கொண்டான். “போதும் அண்ணாத்த. மிச்சம் எனக்குத் தெரியும்.”

அவனுக்குத் தெரிந்ததைத்தான் அவன் செய்தான். கோயிலுக்குக் கொடுத்த மாடு கல்லில் எப்படி இருக்கும் என்று இந்தக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அது உட்கார்ந்திருக்கும், அலங்காரத்தோடு இருக்கும், சன்னதியைப் பார்த்திருக்கும். பெயர் நந்தி.

மேடமாவது ஒரு படம் அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ‘எங்கள் மாட்டுக்குப் புகைப்படம் கிடையாது. நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் மாடு செய்கிறவர்கள். உங்களுக்குத் தெரியும்’ என்று பதில் வந்தது. வேலை நடக்கும்போது படம் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வருகிறேன், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தக் கருத்தரங்கு வந்துவிட்டது. மின்னஞ்சலின் கடைசி வரி: ‘நாளை மறுநாள் காலை பட்டறையில் இருப்பேன்.’

மங்கையின் ஆறுதல்

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு விக்கல் வரும். பட்டறைக்குப் பின்னால் போய் நின்று மங்கைக்குப் போன் போட்டேன்.

“மாடு... விக்... உக்காந்துகிச்சு.”

“யார் வூட்டு மாடு?”

“கல்லு மாடு. நிக்க வேண்டிய மாடு.”

“தண்ணி குடி மொதல்ல. கல்லு மாடு எப்டிய்யா உக்காரும்? மப்பா?”

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்கி, அடக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லி இருவருமாகச் சிரித்த சிரிப்பு.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். தவளை விவகாரம் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “சம்பத், இனிமே உன் வார்த்தையால ஒரு உருப்படி திரும்பி வந்தா, அதுகூடவே நீயும் வூட்டுக்குப் போயிடலாம்.” ஐம்பத்து நான்கு வயதில் தமிழ் இலக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வேறெங்கே போவேன்? மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினால், மறுநாளிலிருந்து எனக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வேலை இல்லை.

மழை என்று பேர் வைத்த காசு

அன்றும் மறுநாளும் பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் படித்தேன். மேடத்தை எப்படியாவது பேச்சில் மயக்கிவிடலாம் என்கிற கெட்ட எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் எண்ணம் மறந்துபோய் ஆர்வம் வந்துவிட்டது. இறங்க வேண்டிய ஊரப்பாக்கத்தைத் தவறவிட்டு வண்டலூரில் இறங்கினேன்.

போட்ஸ்வானா பாதிக்கு மேல் பாலைவனம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனபோது அங்கே பட்டம் வாங்கியவர்கள் அத்தனை பேரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், உட்கார இடமும் மிஞ்சும். தனியாகப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அதனால் லெசோத்தோ, ஸ்வாஸிலாந்து, போட்ஸ்வானா என்று மூன்று சின்ன நாடுகள் சேர்ந்து பொதுவாக ஒன்றை நடத்தின. மூன்று வீட்டுக்கு ஒரு கிணறு மாதிரி.

கிணறு இருந்தது லெசோத்தோவின் வாசலில். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், இது இனிமேல் எங்கள் நாட்டுக்கு மட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அவர்கள் நியாயம். போட்ஸ்வானாப் பிள்ளைகள் பாதிப் படிப்பில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். திரும்பி வந்து படிக்கக் கட்டடம் இல்லை.

கட்டக் கையில் காசும் போதாது. ஆனால் அந்த ஜனங்களிடம் மாடு இருந்தது. நாட்டின் தலைவரே கேட்டுக்கொள்ள, ஒரு முழக்கம் ஊர் ஊராகப் போயிற்று: மோத்தோ லே மோத்தோ கோமோ. ஆளுக்கு ஒரு மாடு.

ரயிலில் அதைச் சரியாக உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொடுத்திருக்கிறார்கள். மாடு உள்ளவர்கள் மாடு. இல்லாதவர்கள் ஆடு, கோழி, தானியம், முட்டை. நான் அந்த முட்டையிலேயே நின்றுவிட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்ட முட்டை எடுத்துக்கொண்டு போகிற மனுஷி எப்படிப் போயிருப்பாள்? கூடையிலா, மடியிலா? வாங்கிக்கொண்ட அதிகாரி அதை எங்கே வைத்தார்? எந்தக் கட்டுரையிலும் அது இல்லை.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அந்த நாடு தனக்கென்று சொந்தமாக ஒரு நாணயம் அச்சடித்தது. அதற்கு வைத்த பெயர் பூலா. பூலா என்றால் அவர்கள் மொழியில் மழை. ஏரிகளை நம்பியே பிழைத்த நம் மாவட்டத்தில் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சட்டைப் பையில் ஐந்து மழை, பஸ்ஸுக்கு இரண்டு மழை.

சில வருஷம் ஸ்வாஸிலாந்தோடு கூட்டாக நடத்தி, பிறகு அவர்களோடு சுமுகமாகப் பிரிந்து, தலைநகர் கபரோனியில் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. படிக்கப் படிக்க எனக்குள் ஒரே கேள்வி: மாடு எப்படி நூலகமாக மாறியது? நடுவில் என்ன நடந்தது?

புல்லில் நிற்கிற மாடு

மறுநாள் மாலை, மேடம் வருவதற்கு ஒரு ராத்திரி மிச்சம். என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. வைக்கோல் வாங்கி வந்து மாட்டைச் சுற்றி வயிறு வரை குவித்தேன்.

கஜா வந்து பார்த்தான். “இன்னாதிது?”

“உயரமான புல்லுல நிக்குதுன்னு சொல்லிடலாம்.”

அவன் மாட்டைச் சுற்றி வந்தான். “அண்ணாத்த, பார்க்கறவங்களுக்கு மாடு சேத்துல மாட்டிகினு கீதுன்னுதான் தோணும்.”

“ஏன் கஜா, நீயாவது நிக்கற மாடா செஞ்சிருக்கக் கூடாதா?”

“கல்லுல நிக்க வெச்சா காலு ஒடியும். நாலு காலுக்கு நடுவுல கல்ல விட்டு வைக்கணும், இல்லாங்காட்டி கப்பல்ல போறதுக்குள்ள நொண்டிடும். நீ நில்லுன்னு சொல்லியிருந்தா அதுக்கு வேற கல்லு பார்த்திருப்பேன். நீதான் காணிக்கைன்னு சொல்லி என்னை எழுந்து நிக்க வெச்சியே. நான் நின்னேன், மாடு உக்காந்துகிச்சு.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். விக்கல்தான் வந்தது.

மேடம் கும்பிடவில்லை

நலேடி மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, பூப்போட்ட பருத்திச் சட்டை, வெயிலுக்குக் கொஞ்சமும் அசராத நடை. நான் மாலையும் இளநீருமாக நின்றேன். இரண்டு நாள் உருப்போட்டிருந்த முழக்கத்தை எடுத்துவிட்டேன்: “மோத்தோ லே மோத்தோ கோமோ!”

அவர் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மிஸ்டர் சம்பத், யார் சொல்லிக்கொடுத்தார்கள்?”

“நானே படித்தேன்.”

“நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் உங்களிடம் மாடு கேட்பார்கள்,” என்று சிரித்தார்.

சிரிக்கிற முகத்தைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. கஜா மாட்டின் மேலிருந்த துணியை உருவினான். வைக்கோலை முந்தின இரவே அவன் எடுத்துப் பக்கத்து வீட்டு நிஜ மாட்டுக்குப் போட்டுவிட்டிருந்தான்.

மேடம் மாட்டைச் சுற்றி வந்தார். மணிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பட்டு விரிப்பின் குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார். வேலை அவ்வளவு சுத்தம். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

“மிக அழகு,” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “இது யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?”

“சாமியை,” என்றேன் யோசிக்காமல். கூடவே நான்கைந்து வாக்கியம் அடித்துவிட்டேன். கல்வி என்னும் சன்னதி, தியாகம் என்னும் மாலை என்றெல்லாம் ஆங்கிலத்தில் என்னென்னவோ வந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: “எங்கள் மாடு யாரையும் கும்பிடவில்லை மிஸ்டர் சம்பத். அதையும் யாரும் கும்பிடவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் எடை போட்டு இறைச்சிக்கு விற்றார்கள். அந்தக் காசில் செங்கல் வாங்கினார்கள். அதற்காகத்தான் கொடுத்தோம். இதைக் கொண்டுபோய் எங்கள் ஊரில் வைத்தால், கொடுத்தவர்களே வந்து, இது யார் மாடு என்று கேட்பார்கள்.”

மாடு எப்படி நூலகமாக மாறியது என்கிற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்ட நேரம்தான் சரியில்லை.

“இன்னா சொல்றாங்கோ?” என்றான் கஜா.

நந்தி செய்து முடித்த கையோடு நிற்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? “அது வந்து... மாடு இறுதியில்... உருமாற்றம் அடைந்து...”

“மீட்டுன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்களே, எனக்கு அதுகூடவா தெரியாது?” என்றான். “வித்துட்டு அதுல காலேஜு கட்னாங்கோ. அவ்ளோதான? ஊரே சேர்ந்து ஆளுக்கு ஒண்ணு போட்டாங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கஜா உளியைக் கீழே வைத்தான். “அட பேஜாரு புடிச்ச மனுசா! அது தலைக்கட்டுய்யா! எங்கூர் ஏரிக்கரை ஒடைஞ்சா தலைக்கட்டுக்கு ஒரு ஆளு மம்ட்டி எடுத்துகினு வரணும். வூட்டுக்கு ஒருத்தன். பணக்காரன், பஞ்சப் பரதேசி எல்லாம் ஒண்ணுதான். அதுக்கு எவனாவது மாலை போடுவானா? தலைக்கட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தினி மணி செதுக்கியிருப்பேனா?”

இலக்கியம் படித்த எனக்கு ஏன் அந்த வார்த்தை தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் சொந்த ஊரிலும் ஏரி உண்டு. என் அப்பாவும் மண்வெட்டியோடு போனவர்தான்.

கஜா சொன்னதை, முதன்முறையாக எதையும் சேர்க்காமல், மேடத்துக்குச் சொன்னேன். அவர் கஜாவைத் திரும்பிப் பார்த்தார். “அதேதான்,” என்றார். “அதே மாதிரிதான்.”

ஆனால் மாடு வேண்டாம் என்பது வேண்டாம்தான். முதலாளிக்குப் போன் போட்டேன். விக்கலுக்கு நடுவில் நான் சொன்னதைக் கேட்டார்.

“நந்திக்கு ஆள் இருக்கு. அணுபுரம் பக்கத்துல ஒரு கோயில் கமிட்டி கேட்டுகினே கீறாங்க,” என்றார். “வேற மாடு செஞ்சு கொடுங்க. ஆனா இந்தத் தடவ நீ நடுவுல வாயத் தொறக்காத. அந்தம்மாவும் கஜாவும் பேசிக்கட்டும்.”

“கஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே சார்?”

“உனக்குத் தெரிஞ்சதாலதான் இவ்ளோ ஆச்சு. முடிஞ்ச உருப்படிய நான் வந்து பார்க்கறேன். உன் விஷயத்த அப்பப் பேசிக்கலாம்.”

எட்டு வயதுக்குத் தெரிந்தது

ஆக நான் ஒரு கல் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தது என் வாழ்க்கையில் அது ஒருநாள்தான்.

கஜா கரித்துண்டை எடுத்துத் தரையில் ஒரு மாடு வரைந்தான். நிற்கிற மாடு. கொம்பைத் தொட்டுக்காட்டி, எப்படி என்று கையால் கேட்டான். மேடம் இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து வளைத்தார். பிறகு நேராக்கினார். பிறகு கையை இறக்கிவிட்டார். நெற்றியில் வெள்ளை உண்டா என்று கேட்டான். யோசித்தார். காது? கண்? முகம் நீளமா, குட்டையா?

அவர் கரித்துண்டை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, எழுந்து, மூலையில் கிடந்த ஒரு சவுக்குக் கழியை எடுத்தார். பட்டறை முற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். முன்னால் இல்லாத ஒரு மாட்டின் பின்னால், கழியை லேசாக ஆட்டி, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தபடி. ட்ளொக், ட்ளொக் என்று.

“ஹை, ஹை! ஹேய்!” என்றான் கஜா பதிலுக்கு, நம் ஊர்ச் சத்தத்தில்.

மேடம் சிரித்துவிட்டார். உட்கார்ந்து, கஜாவின் படத்துக்குப் பக்கத்தில் தானே வரையத் தொடங்கினார். வரைந்தது மாட்டின் பின்பக்கம். இடுப்பெலும்பு இரண்டும் புடைத்துத் தெரிந்தன. வால் நுனியில் முடி ஒரு பக்கம் மட்டும் அதிகம். இடது தொடையில் வீட்டு அடையாளச் சூடு. வலது பின்னங்காலை நடக்கும்போது கொஞ்சம் வெளியே வீசி வைக்கும் என்று, வைத்துக் காட்டினார். ஒரு குளம்பு உடைந்திருந்ததையும் போட்டார்.

அதற்குப் பிறகு கரித்துண்டு ஓடவில்லை.

என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கலாமா என்று நான் கஜாவைப் பார்த்தேன். கஜா தலையசைத்தான்.

“அப்போது எனக்கு எட்டு வயது,” என்றார் மேடம். “அப்பா முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். நான் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாளும் இதைத்தான் பார்த்தேன். எங்களிடம் இருந்த நல்ல மாடு அது ஒன்றுதான். போய்ச் சேர்ந்ததும், அழுவேன் என்று என்னை வெளியே நிறுத்திவிட்டு அப்பா மட்டும் உள்ளே கொண்டுபோனார். அதன் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. உங்கள் சிற்பிக்குத் தெரிந்திருக்கும், அவர் செய்ததைப் பார்த்தால் எனக்கும் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன்.”

கழியை மடியில் வைத்துக்கொண்டார். “நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். முப்பது வருஷமாக அங்கேதான் கற்பிக்கிறேன். அதன் வரலாற்றை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாட்டின் முகம் மட்டும் வரவில்லை.”

நான் இதைக் கஜாவுக்குச் சொன்னேன். சொன்னபடியே சொன்னேன். எட்டு வயசு, பின்னால நடந்தாங்க, முகம் ஞாபகம் இல்ல. எந்த வார்த்தைக்கும் வேட்டி கட்டவில்லை.

கஜா தரையில் இருந்த இரண்டு படத்தையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு காலால் தன் படத்தை அழித்தான்.

“அப்ப மூஞ்சி நமக்கு வேணாம்க்கா,” என்றான் அவரைப் பார்த்து, நேராகத் தமிழிலேயே. “உனக்குத் தெரியாதத நான் போட்டா அது பொய்யி. நீ பார்த்தியே, அத அடிக்கறேன்.”

கொட்டகைக்கு வெளியே ஆளுயரக் கருங்கல் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் காவிக்கட்டியால் இடுப்பெலும்பையும் வாலையும் பின்னங்கால்களையும் கோடு போட்டுக் காட்டினான். விலா வரைக்கும் வந்து, கோட்டை அங்கேயே நிறுத்தினான். அதற்கு மேல் இருந்த கல்லைக் கையால் தட்டினான். இது இப்படியே இருக்கட்டும் என்கிற மாதிரி.

மாடு கல்லுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது.

மேடம் எழுந்து வந்து அந்தக் காவிக் கோட்டுக்குப் பின்னால் நின்றார். குனிந்து, எட்டு வயதின் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தார். எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தலை எங்கே?

கஜா அதை முடித்த அன்று முதலாளி வந்தார். எனக்குக் காலையிலிருந்தே விக்கல். மங்கை, எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டிலிருக்கிற என் பழைய சான்றிதழ்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

மேடத்துக்குப் படம் போய்விட்டது. பதிலும் வந்துவிட்டது. ‘இதுதான்’ என்று ஒரே வார்த்தை. ஆனால் முதலாளிக்குப் பாதி மாட்டை எப்படி விளக்குவது? கணக்குக்கு ஒரு மாடு என்று வாங்கிய ஆர்டர்.

அவர் ஒருமுறை சுற்றி வந்தார். வாலைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். முன்பக்கம் போய்ச் செதுக்காத கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார்.

“தலை எங்கய்யா?”

நான் வாயைத் திறந்தேன். கஜா முந்திக்கொண்டான்.

“அது காலேஜுக்குப் பூட்ச்சு சார்.”

முதலாளி திரும்பிப் பின்பக்கம் வந்து, மேடம் நின்ற அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறையில் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டிருந்தது. பிறகு கையை அவிழ்த்து, மாட்டின் புட்டத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். போ, போ என்று ஓட்டிவிடுகிற மாதிரி.

“பெட்டி கட்டச் சொல்லுய்யா சம்பத்து,” என்றார்.